கோட்டுப் பைக்குள்ள இருக்கிற கை

நெரவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி எழிலனுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் காளியம்மன் புண்ணியத்துல நல்லாயிருக்கோம். நீயும் பாரீசுல பொண்டாட்டி பிள்ளையோட சுகம்தானேன்னு கேட்கிறதுதான் முறை, ஆனா நீ சுகமா இருக்கேன்னு நான் நம்பல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போன்ல கேட்டா சிக்னல் இல்லம்மான்னு வச்சிடுறே, இதை அப்படி வைக்க முடியாது பாரு.

சம்பா நடவு முடிஞ்சுது, இந்த வருஷம் தண்ணி நம்ம கடைமடை வரைக்கும் வந்துடுச்சு, உங்கப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. உன் தங்கச்சி தாமரைச்செல்வி வந்திருந்தா, காரைக்காலுக்கு சினிமாவுக்கு அழைச்சிட்டுப் போனா. வெளிநாடு போன ஒரு அப்பன் கதை. மகளை டாக்டராக்கணும்னு பனியில மூட்டை தூக்குறான், ஊருக்கு மட்டும் ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கிறான். மிஷின்ல கை மாட்டிக்குது, அதையும் மறைச்சு போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான். கொட்டகையே மூக்கைச் சிந்துது, தாமரை தேம்பித் தேம்பி அழுவுறா, எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. இந்தச் சிரிப்பை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு யோசிச்சேன், உன் மூஞ்சிலதான்டா பார்த்திருக்கேன்.

அம்பகரத்தூர் காளியம்மன் கோயில்ல இருந்து தாமரை போன்ல தீபாராதனை காட்டினாளே, நெனப்பிருக்கா? நீங்க மூணு பேரும் போனைச் சாத்தி வச்சுட்டு நின்னீங்க. உன் பொண்டாட்டி சுகிர்தா ரெண்டு கையாலயும் கண்ணுல ஒத்திக்கிட்டா, பேத்தி நித்யஸ்ரீயும் ஒத்திக்கிட்டா. நீ ஒத்தைக் கையால, அதுவும் இடது கையால ஒத்திக்கிட்டே. வலது கை கோட்டுப் பைக்குள்ள இருந்துச்சு. ஆத்தா முன்னாடி இடது கையை நீட்டுற பிள்ளையையா நான் வளர்த்தேன்? உங்கப்பாகிட்ட சொன்னா, போன்ல இடம் வலம் மாறித் தெரியும்டிங்கிறாரு. அப்படின்னா உன் பொண்டாட்டி மூக்குத்தியும்ல மாறியிருக்கணும், அது இருக்கிற பக்கத்துலயேதானே இருந்துச்சு. வீட்டுக்குள்ள உனக்கு மட்டும் எதுக்குடா கோட்டு? பிள்ளை அரைக்கை சட்டையில நிக்குது. தாடி வேற, கேட்டா இதான் இங்க ஃபேஷன்ங்கிறே. ரெண்டு நாள் மழிக்கலன்னாலே அரிக்குதுன்னு குதிக்கிறவனாச்சே நீ. மழிக்கக் கை வரலையா?

சுகிர்தாவைத் தனியாக் கேட்டேன், அவங்க நல்லாத்தான் இருக்காங்க அத்தைன்னுட்டு, பால் பொங்குதுன்னு ஓடிட்டா. அந்த ஊர்ல பாலைக் காய்ச்சாமலே குடிப்போம்னு சொன்னவளே அவதான். நித்யஸ்ரீகிட்ட அப்பா கையைக் காட்டச் சொல்லு கண்ணுன்னேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி அது உன் மூஞ்சியைப் பார்த்துச்சு. எனக்கு அது போதும்.

பிள்ளை படிக்கட்டும் தம்பி, நல்லாப் படிக்கட்டும். அதுக்காக நீ மூட்டை தூக்கு, பாத்திரம் கழுவு, எனக்கு ஒரு கேவலமும் இல்ல. ஊருக்கு என்ன வேணா சொல்லிக்க, பெத்தவகிட்ட எதுக்கு நடிப்பு? எனக்குப் பயமா இருக்குடா. நீ பொறந்தப்ப விரலெல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் உன்னை மடியில வாங்கினேன். இப்ப மறுபடியும் எண்ணிப் பார்க்கணும் போல இருக்கு. உங்கப்பா என்னைச் சந்தேகம் புடிச்சவன்னு திட்டுறாரு. ஆனா நேத்து அவரு சோத்தைப் பிசைஞ்ச கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு, சாப்பிடல.

காளியம்மன் குங்குமம் உள்ள மடிச்சு வச்சிருக்கேன், வலது கையால எடுத்து வச்சுக்க. முடியலன்னா சுகிர்தாவை வச்சுவிடச் சொல்லு. உன் குடும்பத்தை ஆத்தா ஒரு குறையும் இல்லாமக் காப்பாத்தட்டும். குளிர்ல தலைக்குத் துணி கட்டாம வெளிய போகாதே. முக்கியமா ஒண்ணு, இதுக்குப் பதில் போன்ல வேண்டாம், யாரையும் விட்டு எழுதவும் வேண்டாம். உன் கையாலயே எழுது. எழுத்து கோணல்மாணலா இருந்தாலும் பரவாயில்ல, நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிறேன்.

உன் அம்மா,
அமுதம்