எண்பதா, எண்பத்தெட்டா?

டூசான், அரிசோனா
12 மார்ச் 1996

அன்பு மகள் கோரலீக்கு,

நலம். அலாஸ்காவில் மீனோடு மல்லுக்கட்டும் உன் கை விரல்கள் நலமாக இருக்க வேண்டும். உறை போட்டுக்கொள்.

உன் பெண் பல்லி பிஸ்கட் நன்றாகச் சாப்பிடுகிறது. வால் என் கட்டைவிரல் பருமன். அதற்குத் தீனியாக வாங்கிய சிள்வண்டு ஒன்று தப்பித்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்து கத்துகிறது. பிடிக்கவில்லை. வீட்டில் யாராவது பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீ விட்டுப்போய் இது மூன்றாவது வருடம். பல்லிகளை விற்றுவிடச் சொல்லிப் போன மாதம் எழுதியிருந்தாய். விற்றுவிட்டால் இனி அடிக்கடி எழுதி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் படிப்பு கொஞ்சம் மட்டு அல்லவா.

சனிக்கிழமை லெஸ்டர் வந்தான், பல்லிச் சந்தையில் கடை போடுகிறவன். எதில் வைப்பாய், என்ன தீனி போடுவாய், வீட்டில் பூனை உண்டா என்று கேட்டேன். 'என்ன பெரியவரே, பொண்ணக் கட்டிக்குடுக்குற மாதிரியில்ல கேள்வி கேக்குறீங்க!' என்றான். பிறகு பிஸ்கட்டைத் தூக்கி வயிற்றைப் பார்த்தான். தோலுக்கு அடியில் இரண்டு முட்டை வெள்ளையாகத் தெரிந்தது. 'விக்கப்போற நேரத்துல எதுக்குய்யா ஆணோட சேத்தீங்க?' என்றான். ஆண் பல்லி டியூக் தானாகவே கண்ணாடியில் ஏறி அடுத்த பெட்டிக்குப் போயிருக்கும் என்றேன்.

கோரலீ, அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். 'இந்தப் பல்லிக்குக் கண்ணாடில கால் ஒட்டாது. நீங்களாவது ஏறிருப்பீங்க, அது ஏறாது' என்றான். இத்தனை காலம் வளர்த்தும் பொய் சொல்லும்போது சுவரில் ஓடும் பல்லிதான் நினைவுக்கு வந்திருக்கிறது, பார். டியூக்கை எடுத்துப் பிஸ்கட்டின் பெட்டியில் விட்டது நான்தான். உன் கடிதம் வந்த அன்று. விற்பதற்கில்லை என்று லெஸ்டரை அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை பிஸ்கட் முட்டை இட்டது. முதல் தடவை கோழி முட்டை மாதிரி தினமும் புரட்டிப் புரட்டி நாலையும் கொன்றேனே, இந்த முறை அப்படி இல்லை. பென்சிலால் மேல்பக்கம் குறி போட்டு, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே இன்குபேட்டரில் வைத்தேன். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுகிறேன்.

ஒரு சந்தேகம். சூடு எண்பது டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தால் பெண், எண்பத்தெட்டு வைத்தால் ஆண் என்று சொல்லிக் கொடுத்தாய். உனக்கு எது வேண்டும்? இப்போதைக்கு நடுவில் எண்பத்துநாலில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரத்தில் முடிவாகிவிடுமாம், அப்புறம் மாற்ற முடியாதாம். ஆகையால் நீ உடனே பதில் எழுத வேண்டும். தபால் தாமதமானால் போன் செய். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மற்ற நாளும்தான்.

முட்டை பொரிய ஐம்பது அறுபது நாள் ஆகும். அதுவரை உனக்கு என்னென்ன கேட்டு எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் பாதி எனக்கே பதில் தெரியும். இருந்தாலும் நீ சொல்லு, மகளே.

கடவுள் உன்னைக் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

பிரியமுள்ள அப்பா,
வெர்ன்