மல்லிகையின் மேல் போட்ட பழி

ஸ்பாக்ஸ், மே 27

அன்பு மகள் எம்னாவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் நலம், என் மூக்கையும் கண்ணையும் மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் மோன்ட்ரியலில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் "பேசாம எழுதுங்க, காகிதத்துல உங்க சத்தம் கேக்காது" என்று உன் அம்மாதான் பேனாவைக் கையில் திணித்தாள்.

இந்த வருடம் தோப்பு பூத்த மாதிரி எந்த வருடமும் பூக்கவில்லை. நானூறு ஒலிவ மரமும் ஒரே வாரத்தில். அன்று பிடித்த தும்மல் இன்னும் விட்டபாடில்லை. காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை, ஆனால் அண்ணம் அரிக்கிறது, விரல் போகாத ஆழத்தில் காது அரிக்கிறது, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவன் போல உடம்பு அசந்து கிடக்கிறது. உன் அம்மா கண் பட்டிருக்கிறது என்று சாம்பிராணி போட்டாள், அந்தப் புகைக்கு இன்னும் ஒன்பது தும்மல். கடைசியில் டாக்டரிடம் போனேன். உன் வயதுப் பெண். எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முன்கையில் வரிசையாகப் பலவகைப் பூந்தூள் கலந்த சொட்டு விட்டு ஊசியால் லேசாகக் குத்தினாள். நான் சும்மா இருப்பேனா, "மல்லிகையாத்தான் இருக்கும் டாக்டரம்மா, எங்க பொண்ணுக்கும் அதான். பன்னெண்டு வருஷம் முன்னாடியே வாசல் கொடிய நானே வெட்டிப் போட்டேன்" என்றேன். "பாவம், மல்லிகை என்ன பண்ணுச்சு மாமா? வாசனை இருந்தா பூச்சி தேடி வரும், அதோட தூள் காத்துல அலையாது. நீங்க திரும்பிக்கூடப் பாக்காத பூதான் காத்த நம்பி கோடி கோடியா தூவும்" என்றாள். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு இடம் கொண்டைக்கடலை அளவு வீங்கியது. ஒலிவம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். "எங்க தாத்தா நட்ட தோப்பும்மா அது. அந்த எண்ணெயிலதான் இந்த உடம்பே வளர்ந்துச்சு" என்றேன். எண்ணெய் ஒன்றும் செய்யாதாம், பூவின் தூள்தான். என் தொப்பியைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டி, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

எம்னா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். வலை பின்னிய குட்டிப் பந்துகள், ஒவ்வொன்றும் அத்தனை நேர்த்தி. என் தொப்பியில் மட்டும் இவ்வளவு என்றால் ஊர் வானத்தில் எவ்வளவு! ஒரு பூ அரிசி மணி அளவுகூட இல்லை. அறுபது வருடம் அதன் அடியில் நடந்தும் அண்ணாந்து பார்த்ததில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் தொண்ணூறு கிலோ ஆளைக் கவிழ்க்கிறது. திருடன் வந்துவிட்டான் என்று உடம்பு கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு தண்ணீரை இறைக்கிறது, வந்ததோ நம் வீட்டு மரம். படைத்தவனை நினைத்துப் பிரமித்தேன்.

அப்புறம் அவள் கேட்டாள், "பொண்ணுக்கும்னு சொன்னீங்களே, எந்த மாசம் வரும்? கண்ணுக்குக் கீழ கருப்பு விழுமா? பீச் பழம் தின்னா வாய் அரிக்குமா?" ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட ஆட்ட என் மனசு கீழே போய்க்கொண்டே இருந்தது. மே மாதம், உன் பள்ளி இறுதித் தேர்வு வருடம், புத்தகத்தின் மேலேயே தூங்கிப் போவாய். மல்லிகைக் கொடியை வெட்டியும் உன் தும்மல் நிற்கவில்லை. நீ தேறவில்லை என்றதும் உன் சித்தப்பாக்கள் எல்லார் முன்னாலும் "இவளுக்குப் படிப்புன்னாதான் தும்மல் வரும், சோம்பேறி" என்று கத்தினேன். பழத்தைத் துப்புகிறவள் ஜாமை மட்டும் நக்கி நக்கித் தின்கிறாளே, எல்லாம் நடிப்பு என்றேன். இந்தத் தூள் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பச்சைப் பீச் பழமும் வாயை அரிக்குமாம், வேகவைத்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம். நீ குளிர்காலத்தில் மட்டும் ஊருக்கு வருவதை மனசில் வைத்துக்கொண்டு எத்தனை குத்தல் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா பெட்டியிலிருந்து உன் பழைய இயற்பியல் நோட்டை எடுத்து வந்தாள். "பின்னாடி ஏதோ அட்டவணை இருக்கு, பாடம்னு நெனச்சு எடுத்து வச்சேன்" என்றாள். தேதி, காற்று வரும் திசை, தும்மல். கடல் பக்கமிருந்து காற்று வந்த நாளில் மூன்று, தோப்புப் பக்கமிருந்து வந்த நாளில் நாற்பத்தொன்று. இருபது நாள் எழுதியிருக்கிறாய். கடைசியில், "ஒலிவம்தான். அப்பாகிட்ட சொல்ல வேணாம், தாங்க மாட்டார்." பதினேழு வயது! ஊசியும் கருவியும் சொன்னதை நீ ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தாய், அதை மறைத்துவிட்டு என் ஏச்சையும் வாங்கிக்கொண்டாய். அந்தத் துகளைப் பார்த்துப் பிரமித்ததைவிட உன்னை நினைத்துத்தான் அதிகம் பிரமிக்கிறேன், மகளே.

தோப்பு பூக்கும்போது நான் ஒரு நாளும் ஊரை விட்டு நகர்ந்ததில்லை. அடுத்த மே மாதம் நானும் அம்மாவும் உன்னிடம் வருகிறோம். நீ டிசம்பரில் காய் பறிக்கும்போது வா, காற்று சுத்தமாக இருக்கும். வாசலில் புது மல்லிகைக் கொடிக்கு நானே குழி வெட்டினேன், உன்னை அன்று அப்படி ஏசியதற்காக உன் அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது நியாயம்தான். பீச் பழத்தைப் பச்சையாகத் தின்னாதே. அங்கேயும் ஒரு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. இறைவன் உன் மூச்சை லேசாக்கட்டும், உன் வீட்டில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா மோன்ஜி

பி.கு. நோட்டை உன் மேசையிலேயே வைத்திருக்கிறேன். உன் கடைசி வரிக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, தாங்கிக்கொண்டார், மன்னிப்புக் கேட்கிறார்.