விறகுக் கொட்டகையில் என் மகள்

ஆயாம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சட்டென்று அழுகை நின்றது. பால் கொடுத்திருப்பார்கள். நானோ அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டேன். நீங்கள் காலமாகியும் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பரீட்சை நாள் மட்டும் என்னை விடவில்லை.

ஒன்பதாவது முடித்ததும் எனக்குக் கல்யாணம், பதினாறில் பிள்ளை. பிரசவத்துக்குப் போடி ஊரில் தாய்வீட்டுக்கு வந்த என்னைத் தலைமையாசிரியை பத்தாவதில் சேர்த்துக்கொண்டு, தையல் அறையில் தொட்டில் கட்டவும் இடம் கொடுத்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, பள்ளிக்கூட ஆயாவாக இருந்த நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். இடைவேளைக்கு ஓடி வருவேன். "வெரசா பால் குடுத்துட்டுப் போ தாயி, பாடம் ஆரம்பிச்சிரும்" என்பீர்கள்.

ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் மாமனார், "பரீட்சைக்குப் போனா புள்ளையத் தூக்கிட்டு மலைக்குப் போயிருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் அவரைத் தடுக்கவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று தையல் அறையிலிருந்து அழுகை கேட்டது. ரவிக்கை நனைந்தது, எழுதிக்கொண்டே இருந்தேன். வாசலில் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. அழுகை பாதியில் அறுந்தது. எழுந்துவிட்டேன்.

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டேம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றும் தெரியாது. மலைப்பாதை வளைவுகளில் என் மகள் யார் மடியிலோ அழுதுகொண்டு போவதாகவே தோன்றியது. கை நடுங்க நடுங்க எழுதினேன்.

முடிந்ததும் ஓடினேன். தொட்டில் காலி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், வாசலில் ஜீப்பும் இல்லை. பின்பக்க விறகுக் கொட்டகையிலிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்: "தாயி, இங்கன."

இருட்டில் விறகுக்கு நடுவே நீங்கள். உங்கள் மார்பில் என் மகள்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு ஆயாம்மா. ஜீப்பக் காணோம்."

"சத்தம் வந்துரக் கூடாதேன்னு வத்துன மாரக் குடுத்து ஏமாத்திப்புட்டேன் ஒம் மகள. எல்லாம் எழுதிட்டியா?"

தலையாட்டினேன். நீங்கள் எழவில்லை. "பயத்துல காலு வரல. புடிச்சுத் தூக்கு" என்றீர்கள்.

நான் தேறினேன். மாமனார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. பிள்ளையைக் கேட்டு மறுபடி வரவும் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து பொட்டிபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பயம் இப்போதும் வரும். வரும்போதெல்லாம், அன்று என் தோளைப் பற்றி எழுந்த உங்கள் ஒரு கையை நினைத்துக்கொள்வேன். என்னைவிட அதிகமாக அது நடுங்கியது. மறு கை என் பிள்ளையை விடவே இல்லை.