கம்பெனி மாறாதவள்

முருகன் துணை

திருப்போரூர்
3.6.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? சிகரெட்டை விட வைக்கும் மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒன்பதாயிரமாம். இன்சூரன்ஸில் தருவார்களா என்று ஏஜெண்ட் பக்தவத்சலத்திடம் கேட்டேன். சிரித்தார்.

“விடுறதுக்கு இன்னாத்துக்கும்மா குடுப்பாங்க? ஆஸ்பத்திரில படுத்தா நாலு லட்சம் கீது. இப்ப கம்பெனி செலவு பண்ணி அண்ணாத்தயக் காப்பாத்துதுன்னு வெச்சுக்கோ, பத்து வருஷம் கழிச்சி லாபம் வரசொல்ல நீங்க வேற கம்பெனிக்குப் போயிட்டிருப்பீங்க.”

கணக்கு சரிதான். ஆனால் இதில் கம்பெனி மாறாதவள் நான் ஒருத்தி இருக்கிறேனே! சீட்டுப் பணத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

விஜயகுமாரி

சூரத்
21.6.2024

அன்பு விஜயா,

போனில் என் இருமலைக் கேட்டால் அழுகிறாய், அதனால்தான் கடிதம். நாலு நாள் போட்டேன். ஒரே குமட்டல், லாரி ஓட்டுகிறவனுக்கு ஆகாது. நிறுத்திவிட்டேன், மாத்திரையை. கோபிக்காதே.

தீனதயாளன்

திருப்போரூர்
30.7.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கோபமில்லை. நேற்று ஆடிக் கிருத்திகை. கந்தசாமி கோயிலில் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து உங்களுக்காக நானே சத்தியம் செய்துவிட்டேன். இனி அவர் பிடிக்க மாட்டார், மிச்சமிருக்கும் ஆசை என்னிடம் வரட்டும் என்று.

பூக்காரம்மா பதறிவிட்டாள். “இன்னாமே பண்ணிட்ட? ஒருத்தருக்காக இன்னொருத்தர் சத்தியம் பண்ணா, சாமி அத்த யாரு தலைல எழுதும்?”

வீட்டுக்கு வந்தால் பூஜையறையில் சிகரெட் வாசனை. சாம்பிராணி போட்டும் போகவில்லை.

விஜயகுமாரி

சூரத்
19.8.2024

அன்பு விஜயா,

கிருத்திகையன்று மத்தியானம் ஒன்று பற்றவைத்தேன். இழுக்க இழுக்க வாயில் ஒன்றுமே வரவில்லை. புகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. தூக்கிப் போட்டவன்தான், அப்புறம் தொடவில்லை. இருமலும் நின்றுவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன். என்ன நிறத்தில் புடவை வேண்டும்?

தீனதயாளன்

திருப்போரூர்
10.9.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன். பாலிசிக்காக நீங்கள் அங்கே கொடுத்த பரிசோதனையில் உங்கள் ரத்தம் சுத்தமாம். இங்கே எடுத்த என் ரத்தத்தில்தான் நிகோடின். இரண்டு தரம் எடுத்துப் பார்த்தார்கள்.

லேப் பெண் ஜெபா என் விரலைப் பார்த்தாள். மஞ்சள் பூசியதம்மா என்றேன். முகர்ந்தவள் கையை உதறிவிட்டாள்.

“எத்தினி வருஷமா பிடிக்கிறீங்க ஆன்ட்டி?”

இருபத்தாறு என்றேன். நீங்கள் தொடங்கியதிலிருந்து எண்ணிச் சொன்னேன்.

பிரீமியம் உங்களுக்குக் குறைகிறது, எனக்குக் கூடுகிறது. நஷ்டமில்லை.

தீபாவளிக்கு வர வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு மறுபடி ஆசை வந்துவிடும்.

விஜயகுமாரி