அம்பிளி திரும்பிப் பார்த்தாள்

மாமா,

போனில் சொன்னால், வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரி முழுக்கக் கிடங்குகளின் சுக்கு வாசனை மிதக்கிறது. மாடியில் நின்றால் நீங்கள் வேலை பார்க்கும் வல்லார்பாடம் துறைமுகக் கிரேன்கள் மழைமூட்டத்துக்குள் தூக்கத்தில் நடப்பவை போல அசைகின்றன. நானும் நம் அம்பிளியும் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறவியிலேயே குறுகிப்போன மூச்சுப்பாதைக்காகக் கழுத்தில் குழாய் வைத்த நாளிலிருந்து, அவள் அழுதால் சத்தம் வராது. அதனால் அவள் காலில் கொலுசு போட்டுவிட்டேன். அழும்போது உதைப்பாள், அடுக்களையில் எனக்குக் கேட்கும். அந்தக் குழாயைப் பார்க்கத் தாங்காமல் நீங்கள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டீர்கள். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப் போவதில்லை.

நேற்று டாக்டர் குழாயின் வாயில் சின்ன மூடி ஒன்று போட்டார். இழுத்த மூச்சு இனி தொண்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டுமாம். அம்பிளி சிரித்தாள். கிடங்குக் கூரையில் புறா குனுகுவது போல ஒரு சத்தம் வந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, யார் அது என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸ் ஓமனா சேச்சி அவள் கன்னத்தைத் தொட்டு, "மோளே, அது நின்றெ சப்தம் தன்னெ" என்றார். அது அவளுடைய சொந்தக் குரல்தானாம்.

அதிலிருந்து எந்தக் குரல் கேட்டாலும் திரும்பி ஆளைத் தேடுகிறாள். ரேடியோ பேசினாலும் தேடுகிறாள். யாரும் இல்லையென்றால் முகம் வாடிவிடுகிறது.

அதனால் இனி அவளிடம் போனில் பேசாதீர்கள். உங்கள் குரல் கேட்டதும் திரும்பிப் பார்ப்பாள். அங்கே நீங்கள் நிற்க வேண்டும்.

உங்கள் மகளின் அம்மா