மருந்து கேட்காத எலிகள்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

கிழட்டு எலிகளுக்கு இன்று கடைசிச் சோதனை. மறதி நோய் வருவதற்கென்றே வளர்த்த எலிகள். தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மேடை இருக்கும். நீந்திப் போய் அதில் ஏறிவிட்டால் தப்பிக்கலாம். ஒரு வாரமாகப் பழக்கியும், புது மருந்து கொடுத்த எலிகளில் ஒன்றுகூட அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கவில்லை. மருந்து கொடுக்காத எலிகளைப் போலவே சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்தின. பேராசிரியை, "பலன் இல்லைன்னு எழுதிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அப்பா. குற்றாலம் அருவியில் எத்தனையோ சீசன் கூட்டத்தைச் சமாளித்த போலீஸ்காரர். இப்போது தென்காசியில் எங்கள் தெருவுக்குள்ளேயே வழி தவறுகிறார்.

"ஏட்டி, ஒன் எலிக்கு ஞாபகம் வந்துட்டா?"

"இல்லப்பா. மருந்து கேக்கல."

அவர் முகம் செத்துப்போனது. "அப்போ எனக்கும் அவ்வளவுதானா?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா என்னை முறைத்தாள்.

நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை, "வந்துட்டுப்பா" என்றேன்.

"நான் அப்பமே சொன்னேம்லா!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

படுக்கும்போதும் கேட்டார். அதே பொய்யைச் சொன்னேன். நாளைக்கும் கேட்பார், நானும் சொல்வேன். ஆனால் நானாகவே சொன்னாலும், எந்த எலி என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கிற நாள் ஒன்று வரும்.