381654729க்கு முன்னால் ஒரு சைபர்

என் ராசா, என் தம்பி கணேசு,

கோபமாக இருக்கிறேன். உன் மேலேயும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாளைக்கு உன் முப்பத்தோராம் நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அடித்து வந்திருக்கிறது. உன் படத்துக்குக் கீழே 381654729 என்று போடச் சொல்லி, என் கையாலேயே எழுதிப் பெரியண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். வந்ததைப் பார்த்தால் எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர், அதற்கும் முன்னால் 'தொடர்புக்கு'! பிலிமத்தலாவை அச்சகக்காரர் எண்ணிப் பார்த்தாராம். ஒன்பது இலக்கம்தான் இருந்ததாம். போன் நம்பரில் சைபர் விட்டுப்போச்சு என்று அவரே சேர்த்துவிட்டாராம். செத்துப்போனவனைக் கூப்பிட நம்பரா?

அவரை விடு. நம் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்!

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க அண்ணே? ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பஸ் கண்டக்டருக்குக் கணக்குப் பைத்தியம்னா? போன் நம்பராவே இருந்துட்டுப் போகட்டும். சைபர்தானே, முன்னால போட்டா மதிப்பு மாறவா போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலஹா பஸ் புறப்படக் காத்திருக்கும் நேரமெல்லாம், டிக்கட் புத்தகத்தின் பின்பக்கத்தில் எத்தனை மாதம் எழுதி எழுதி அடித்தாய்! ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே தடவை. முதல் இரண்டு இலக்கம், 38, இரண்டால் மிச்சமில்லாமல் வகுபடும். முதல் மூன்று, 381, மூன்றால். 3816 நாலால். இப்படியே ஒன்பது வரைக்கும். அப்படிப்பட்ட எண் இது ஒன்றே ஒன்றுதானாம். உலகத்துக்கு முன்பே தெரிந்த எண்தான் என்று மகள் போனில் தேடிக் காட்டினாள். இருக்கட்டுமே! உனக்கு யார் சொன்னார்கள்? நீயாகத்தானே கண்டாய்.

அண்ணனுக்கு முன்னால் அட்டையையும் பேனாவையும் போட்டேன். "சைபரோட வகுங்க." முதல் இரண்டு இலக்கம் 03. இரண்டால் போகவில்லை. "இப்ப சைபரை எடுத்துட்டு வகுங்க." முணுமுணுத்துக்கொண்டே வகுத்தார். ஏழில், 3816547இல், பேனா நின்றுவிட்டது.

"மிச்சமே இல்லையே புள்ள. அவன் சொல்லவேயில்லையே."

"சொல்ல விட்டோமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்துபோய்ச் சவர பிளேடை எடுத்துவந்தார். ஒவ்வோர் அட்டையாகச் சைபரையும் 'தொடர்புக்கு'வையும் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் அவரோடு பேசவில்லை.

நான் கத்தியது அவரைப் பார்த்து மட்டுமா? அன்றைக்கு அடுப்படியில் நீ ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நாலுக்கு வந்ததும், "போதும்டா, சோறு ஆறுது, கையக் கழுவு" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டு கழுவப் போனாய். ஏன்டா போனாய்? "இரு அக்கா, கேளுக்கா" என்று ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? மிச்சம் ஐந்தையும் நீ போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து வகுக்க வேண்டியதாகிவிட்டது.

நாளைக்குப் படையல் போட்டதும் ஒருவரையும் இலைக்கு முன்னால் உட்கார விடமாட்டேன். எல்லோரையும் நிற்கவைத்து, ஒன்பது வரைக்கும் நானே வகுத்துக் காட்டுவேன். சோறு ஆறட்டும்.

உன்னை நாலோடு நிறுத்திய
உன் அக்கா,
வத்தேகம.